மணவீட்டு மங்கல இசையும் நம் பிள்ளைகளும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்காலத்துப் பிள்ளைகள் சங்கீதம் கேட்க வருவதில்லை என்னும் குறை எங்கும் பேசப்படுகின்றது. குறை கூறுவோர் சபா மண்டபத்தையே மனத்துட் கொண்டு பேசுகின்றனர். மூன்று மணி நேரம் வாய்பொத்தி அசையாது அமர்ந்திருத்தல் சிறுவனுக்கு இன்பமாகுமோ? பள்ளிக்கூடத்தில் அதனை நாங்கள் தண்டனை என்று வழங்குகின்றோம்.

கச்சேரி முறைதானும் என்றும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. நீண்ட ஆலாபனையும் பல்லவியுமாக நடந்ததைச் சுருக்கி, பல உருப்படிகளை அளவோடு பாடும் முறையை நிலைபெறச் செய்தவர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967). தில்லியில் பேராசிரியர் கிரண் சேத் 1977-இல் தொடங்கிய 'ஸ்பிக் மேக்கே' இயக்கமோ, வித்துவான்களைப் பள்ளிகட்கும் கல்லூரிகட்கும் நேரே அழைத்துச் சென்றது.

நம் வீடுகட்கு இசை தானே வருகின்றது. மணந்தோறும் நாகசுரமும் தவிலும் வைக்கின்றோம். பத்தடித் தொலைவில் நின்று பிள்ளைகள் கேட்கத்தக்க செவ்விசை இதனின் வேறு யாதுளது? ஆயினும், வாயிலோரத்தில் ஒரு ஜமக்காளத்தை விரித்து அக்கலைஞரை இருத்துகின்றோம். "கெட்டிமேளம்" என்று விரலசைக்கும்போது மட்டும் நினைக்கின்றோம். மாலையில் சினிமாப் பாட்டுத் தொடங்கியதும் "போதும்" என்று கையமர்த்துகின்றோம். பெரியவர் எவரும் செவிகொடாத இசைக்குப் பிள்ளை மட்டும் ஏன் செவிகொடுக்கும்? திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி வாசித்தபோது வீதியில் நின்று கேட்டவர்க்குச் சீட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை.

ஆகவே ஒன்று வேண்டுகின்றேன். நம்மவர் இல்ல மணங்களில், முதல் நாள் மாலை முக்கால் மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துக. வித்துவான்களை நடுக்கூடத்தில் அமர்த்திப் பிள்ளைகளை அவர்முன் இருத்துக. ஆச்சாமரக் குழலையும், நாணற் சீவாளியையும், பலாக்கட்டையிற் குடைந்த தவிலையும், விரல்களில் அணியும் கூடுகளையும் முதலிற் காட்டச் சொல்லுக. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றதையும் கூறலாம். இராக இலக்கணம் அன்று வேண்டா. பிள்ளை வினவினாற் சொல்லலாம். இடையில் எழுந்தோடும் பிள்ளையை ஓடவிடுக. தவிலொலி அதனைத் திரும்ப அழைத்து வரும்.

இதற்குத் தனிச் சன்மானம் அளித்தல் வேண்டும். பூ அலங்காரக்காரரிடம் பேரம் பேசாத நாம் தவில்காரரிடம் பேசுகின்றோம். அவர் தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்பிவிட்டால், நம் மக்களை அழைத்து எதனைக் கேட்பிப்பது?

வரும் தை மாதத்தில் மணம் நிச்சயித்திருப்போர், இவ்வேற்பாட்டிற்கு இசைவராயின், கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். யானும் வந்து பிள்ளைகளோடு தரையில் அமர்வேன்.