பதிவுக்கு முதல்நாள்



உயர்தரத்தில் உயிரியல் படித்த நாங்கள் எல்லோரும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் தெரிவாக மருத்துவத்தையே எழுதினோம். இசட் புள்ளி எங்களுள் ஒருத்திக்கே கைகொடுத்தது. பதிவுக்கு முதல்நாள் அவள், “எனக்கு இது வேண்டாமடி. திரும்பச் சோதனை எழுதி விவசாயபீடம் போறன்” என்று அழுதாள். “விசர்க்கதை கதைக்காதை” என்று நாங்கள்தான் அனுப்பிவைத்தோம்.

இரண்டாம் வருடத்தில் அவள் விலகினாள். பதிந்து படித்துவிட்டு விலகிய அவள் மீண்டும் விண்ணப்பிக்க மானியங்கள் ஆணைக்குழுவின் விதி இடங்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

தங்கைமாரே, பதியும்வரை மனம் மாறலாம், அதில் வெட்கமில்லை. தோழி ஒருத்தி அப்படிச் சொன்னால், புத்தி சொல்ல முன் அவள் சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.