நஞ்சுண்ட நிலமும் நாம் கற்க வேண்டிய கல்வியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



1892ஆம் ஆண்டின் அரசாணையால் நம் முன்னோருக்குப் பஞ்சமி நிலம் கிடைத்தது. அதில் பெரும்பகுதி கைநழுவிப் போன வரலாற்றை நாம் அறிவோம். நிலத்தை மீட்டால் மட்டும் போதாது. அதன் மண்ணும் நலமாக இருத்தல் வேண்டும். பாலாற்றுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு, மண்ணில் குரோமியத்தைச் சேர்த்துவிட்டது. அத்தொழிலில் உழைத்தவருள் நம்மவர் பலர்.

சாணமும் சருகும் மக்கும், உலோகம் மக்காது. மண்ணைத் தோண்டி அகற்றுவதோ பெருஞ்செலவு. ஆகவே விஞ்ஞானிகள் செடிகளை நாடினர். இரும்பையும் துத்தநாகத்தையும் உணவாக உறிஞ்சும் வேர், நச்சு உலோகங்களையும் உறிஞ்சுகிறது. நியூ கலிடோனியாத் தீவின் ஒரு மரத்துப் பால் உலர்ந்தபின், அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு நிக்கல் இருந்ததாக 1976இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவகைப் பெரணி ஆர்சனிக்கைத் தன் இலைகளில் குவிப்பது 2001இல் வெளியாயிற்று. இத்தகைய செடிகளை வளர்த்து அறுத்து அகற்றினால், மண்ணின் நஞ்சு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும்.

குரோமியம் அவ்வாறன்று. பெரும்பாலான செடிகளில் அது வேரிலேயே நின்றுவிடும்; இலைக்கு ஏறுவது சொற்பம். அத்தகைய நிலத்தில் வெட்டிவேர் நட்டால், புழுதி பறவாமலும் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமலும் அது தடுக்கும். ஆனால் நஞ்சு அங்கேயேதான் இருக்கும். பசுமையைக் கண்டு, நிலம் தூய்மையாயிற்று என மயங்கலாகாது.

ஆகவே மூன்று செய்திகளை மனத்திற்கொள்ளுங்கள். முதலாவது, மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்காமல் எதையும் நடாதீர்கள். இரண்டாவது, நஞ்சுண்ட செடியை மாட்டுக்குத் தீவனமாகவோ அடுப்புக்கு விறகாகவோ பயன்படுத்தாதீர்கள். மூன்றாவது, இச்செலவு நம்முடையதன்று. மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும், கெட்ட நிலத்தைச் சீர்ப்படுத்தும் செலவும் தரவேண்டும் என்று வேலூர் தோல் தொழில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்துள்ளது.

இளைஞர்களே! வேதியியலும் தாவரவியலும் வேளாண்மையும் பயிலுங்கள். நம் மண்ணின் பரிசோதனை அறிக்கையை நம் பிள்ளைகளே படித்து, ஊர்க்கூட்டத்தில் பொருள் சொல்லும் நாள் வரவேண்டும். இக்கழகம் கல்விக்கு ஏற்றிய விளக்கின் பயன் அதுவே.