சீகாழி முன்சீபின் சிநேகம்



‘கிறிஸ்தவரின் இன்சொல்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் கூப்பிய கையும் குழைந்த குரலும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆலய வாசலில் ‘ஸ்தோத்திரம் பிரதர்’ என்று சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேலைக்கார அம்மாவிடம் எரிந்து விழுகிறோமே, அந்தக் குழைவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு ஞாபகம் வருகிறவர் கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன மனிதர்: மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

1826-இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழின் முதல் நாவல் எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாவல் கிடக்கட்டும். அவர் சீகாழியில் முன்சீபாக இருந்த நாட்களைப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே வந்து தங்குகிறார். வந்தவர் பழுத்த சைவர். உபசரிக்கிறவர் மாதா பக்தர், தேவமாதா அந்தாதி பாடியவர். அந்த நாட்களில்தான் மகாவித்துவானின் சீகாழிக் கோவை பிறக்கிறது, சீகாழிச் சிவபெருமான்மேல்! பிறகு அந்தச் சைவப் புலவர், இந்தக் கிறிஸ்தவரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை பாடுகிறார். தம் மதத்தை ஒளித்துவைத்துச் சம்பாதித்த சிநேகம் இல்லை இது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்தும் நம் முன்சீப் பாட்டு எழுதினார். இன்று எழுதியிருந்தால் நம் ஆட்களே என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். வேண்டாம், யோசிக்காமலிருப்பதே நல்லது.

இப்படிப்பட்டவர் யாரையும் நோகடிக்காமல் தட்டிக்கொடுத்தே காலம் தள்ளினார் என்று நினைத்துவிடாதீர்கள். பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதும்போது பேச்சில் கிருபை கேட்டார், கூடவே உப்பும் கேட்டார். முன்சீபிடம் உப்பு தாராளம். 1859-இல் வந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலியைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அவரே அரசாங்க உத்தியோகஸ்தர் என்பதை மறந்துவிடாதீர்கள்! அந்த முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்திலோ வக்கீல்களைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். நீதிபதிக்குத் தமிழ் தெரியும், வக்கீலுக்கும் தமிழ் தெரியும், கட்சிக்காரனுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. வாதம் மட்டும் இங்கிலீஷில் நடக்கிறது! சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதினார். ஆனால் யாருக்காக அந்தச் சிரிப்பு? தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிற அந்த ஏழைக்காக.

1876-இல் தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீண்டது. மாயூரத்தில் பசித்து வந்தவர்களுக்கு வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பணத்தை அள்ளிச் செலவழித்தார். வந்தவன் கோயிலுக்குப் போகிறவனா, பூசைக்குப் போகிறவனா என்று கஞ்சி ஊற்றும் இடத்தில் பார்க்க முடியுமா? அதைக் கண்டு நெகிழ்ந்து அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார் ஒருவர். யார் தெரியுமா? நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி!

நந்தன் பெயரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கடமான விஷயம்தான். நந்தனைச் சாதி பார்த்துக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். நம் சபைகளின் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோமே, அதற்கு என்ன பதில்? செத்தவனிடம்கூட முகம் சுளிக்கிறவர்கள், உயிரோடிருப்பவனிடம் ‘பிரதர்’ என்றால் அவன் எப்படி நம்புவான்?

குருவானவர் அவர்களே, அடுத்த சபைச் சங்கக் கூட்டத்தில் கல்லறைத் தோட்ட விஷயத்தை எடுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள், எழுந்தும் போவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுகிற வேலையை என்னிடம் விடுங்கள்.