படுக்கையும் உடல் நோவும்

(இளைஞர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் கலையைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசும் மேடையிலே மெத்தையைப் பற்றியும் ஒரு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உறங்கும் ஒருவர் அறுபது வயதை அடையும்பொழுது, அவற்றுள் இருபது ஆண்டுகளைப் படுக்கையிலே கழித்தவராகிறார். இத்தனை காலம் நம்மைத் தாங்கும் பொருளைப் பற்றி ஒரு மணி நேரமேனும் சிந்திப்பது தகும் அன்றோ?

நம் வீடுகளிலே காலையில் நாரியைப் பிடித்துக்கொண்டே எழும்புகிறவர்கள் பலர். கேட்டால், "வயது போனால் அப்படித்தான்" என்று கூறி அடங்கிவிடுவர். அந்த நோவில் வயதின் பங்கு எவ்வளவு, படுக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு பார்ப்பதற்கு உதவுவதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலாவதாக, நம் முதுகின் அமைப்பை அறிதல் வேண்டும். முதுகெலும்பு நேர்க்கோடாக அமைந்ததன்று. கழுத்திலே உள்வளைந்தும், முதுகிலே வெளிவளைந்தும், நாரியிலே மீண்டும் உள்வளைந்தும் நிற்பது. பகல் முழுவதும் உடலின் பாரத்தைச் சுமந்த அந்த வளைவுகள் இரவிலே இயல்பான நிலையில் இளைப்பாற வேண்டும். படுக்கை மிகவும் கடினமாயிருந்தால் தோளும் இடுப்புமே பாரம் முழுவதையும் ஏற்கின்றன. நாரியின் கீழே தாங்குவதற்கு ஒன்றுமில்லாமையால் அங்குள்ள தசைகள் இறுகியே கிடக்கின்றன. படுக்கை மிகவும் மென்மையாயிருந்தாலோ, பாரங்கூடிய இடுப்புப் பகுதி குழியிலே புதைந்து முதுகு வில்லைப்போல் வளைகின்றது. இரண்டும் நோவுக்கு வழிகளாகும்.

"நாரி நோவுக்குப் பலகையிலே படு, சீமெந்துத் தரையிலே படு" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வைத்தியர்கள் பலரும் கடினமான படுக்கையையே விதித்து வந்தனர். இக்கருத்தை ஸ்பெயின் நாட்டு வைத்தியர் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தனர். நெடுநாளாக நாரி நோவுடையவர்கள் 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கடின மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்தனர். எவருக்கு எது கிடைத்தது என்பது சோதிப்பவர்களுக்கும் தெரியாது, படுப்பவர்களுக்கும் தெரியாது. 90 நாட்கள் சென்றபின் பார்த்தபொழுது, படுக்கையிலே கிடக்கும்போதுள்ள நோவும், எழும்பும்போதுள்ள நோவும், நாளாந்த வேலைகளுக்குள்ள இடைஞ்சலும் நடுத்தர மெத்தையிலே படுத்தவர்களுக்கே கூடுதலாகக் குறைந்திருந்தன. இது 2003ஆம் ஆண்டு லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. கடினம் தானாகவே மருந்தாகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

நிற்க, பாயைக் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். பன்பாயிலும் பனையோலைப் பாயிலும் இளமை முதல் படுத்து, நோவின்றி எழும்புகிறவர்கள் அதனை விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. நோவுடையவரும், தரையிலிருந்து எழும்ப மாட்டாத முதியவரும் மாத்திரம் தம் படுக்கையை மாற்றுவது பற்றி எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, கடைகளிலே கிடைக்கும் மெத்தைகளின் தன்மைகளைப் பார்ப்போம்.

இலவம் பஞ்சு மெத்தை காற்றோட்டமுள்ளது. ஆயினும் நாட்செல்லப் பஞ்சு கட்டிபட்டு நடுவிலே பள்ளம் விழும். இடையிடையே வெயிலிற் காயவைத்து, பஞ்சைப் பிரித்து உதறி மீண்டும் அடைத்தல் வேண்டும். தும்பு மெத்தை பெரும்பாலும் கடினமானது. தும்பின்மேல் இறப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்திச் செய்வதும் உண்டு. அது சற்றே இளகிக்கொடுக்கும்.

இறப்பர் மெத்தைக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவிலே நடப்பட்டன. 1929ஆம் ஆண்டில் டன்லொப் கம்பனியின் ஆய்வாளர்கள் இறப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து அச்சில் வார்க்கும் முறையைக் கண்டனர். இவ்வகை மெத்தை உடலின் வளைவுக்கு இசைந்து கொடுத்து, உடனே மீண்டும் எழும்பும். ஆனால் கடும் வெயில் பட்டால் இறப்பர் பொடிந்துவிடும். ஆதலால் இதனை நிழலிலேயே காற்றாட விடவேண்டும்.

ஸ்பொஞ் மெத்தை விலை குறைந்தது. நெருக்கமான நுரையினாற் செய்யப்பட்டதாயின் சில ஆண்டுகள் தாங்கும். இலேசானதாயின் விரைவிலே பள்ளம் விழும். உடற்சூட்டினால் இளகி உருவத்தை ஏற்கும் நுரை வேறொன்றுண்டு. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்திலே விமான ஆசனங்களுக்காக அமைக்கப்பட்ட பொருள் அது. நோவுள்ள மூட்டுக்களுக்கு அது இதமானதாயினும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. மின்விசிறியோடு உறங்கவேண்டிய நம் ஊர்களிலே இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மெத்தையின்மேல் "ஒர்தோபெடிக்" என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். அப்பெயரை வெவ்வேறு கம்பனிகள் வெவ்வேறு பொருள்களுக்கு இடுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது, எவருடைய உடலுக்கு அது ஏற்றது என்பதை அப்பெயர் சொல்வதில்லை. விலையும் அவ்வாறே. அளவுகோல் நம் உடலேயாகும்.

அதனை அளக்கும் முறை எளியது. கடையிலே மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தல் கூடாது. நோவுடையவரையே அழைத்துச் சென்று, பத்துப் பதினைந்து நிமிடமாவது அதன்மேல் படுக்கவிட வேண்டும். மல்லாந்து படுக்கிறவரின் நாரிக்கும் மெத்தைக்கும் இடையே கையைச் செலுத்திப் பாருங்கள். கை தங்குதடையின்றிப் புகுந்து வெளியேறினால் மெத்தை கடினம்; கையை நுழைக்கவே முடியாவிட்டால் மென்மை; சற்று உராய்ந்து நுழைந்தால் பொருத்தம். பக்கமாகப் படுக்கிறவரைப் பின்னாலே நின்று பாருங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு ஒரே நேராக இருத்தல் வேண்டும். பக்கமாகப் படுப்பவருக்குத் தோள் அமிழச் சற்று மென்மை தேவை. உடல் பருத்தவருக்குத் தடிப்பும் உறுதியும் கூடுதலாகத் தேவை.

உயரத்தையும் மறத்தல் கூடாது. பழைய உயர்ந்த கட்டிலின்மேல் எட்டங்குலத் தடிப்பு மெத்தையைப் போட்டால், முதியவரின் கால் நிலத்திலே முட்டாது. மிகத் தாழ்ந்த கட்டிலானால் அவர் எழும்புவதற்கே பிறர் கைகொடுக்க வேண்டும். விளிம்பிலே இருக்கும்பொழுது இரு பாதங்களும் நிலத்திலே பதிந்து, முழங்கால் செங்கோணமாக மடிந்திருப்பதே ஏற்ற உயரம்.

புதிய மெத்தைக்குக் கடன்படுமுன் பழையதையும் ஒருமுறை சோதியுங்கள். நேரான தடியொன்றை மெத்தையின் குறுக்கே வைத்தால் பள்ளம் எங்கே, எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மெத்தையைத் தூக்கிக் கட்டிலின் சட்டங்களையும் பாருங்கள். முறிந்த சட்டமொன்றை மாற்றுவதோடு, அல்லது தொய்ந்த கட்டிலின்மேல் பலகையொன்றை இடுவதோடு குறை தீர்ந்துவிடலாம். மல்லாந்து படுப்பவர் முழங்காலின் கீழேயும், பக்கமாகப் படுப்பவர் இரு முழங்கால்களுக்கு நடுவேயும் ஒரு தலையணையை வைத்தால் நாரியின் இறுக்கம் தளரும். எழும்பும்போது பக்கமாகத் திரும்பி, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழும்ப வேண்டும். இவற்றுக்குச் செலவொன்றுமில்லை.

எவ்வளவு நல்ல மெத்தையாயினும் அது வைத்தியருக்கு ஈடாகாது. படுத்தே கிடந்தால் நோ மாறும் என்பதும் தவறு. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே திடீர் நாரி நோவுடைய 203 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்றிலே, இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் ஏழு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவர்களைப் போலவே குணமடைந்தனர். வேலைக்குச் செல்லாத நாட்களும் அவர்களுக்குக் குறைவாயிருந்தன. கால் மரத்துப்போதல், சலமலம் அடக்கமுடியாமை, காய்ச்சல், காரணமின்றி மெலிதல், விழுந்தபின் உண்டான நோ ஆகியவற்றுள் எதுவேனும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மூன்று மாதங்களுக்கு மேலாக நாரி நோ நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கும் கூடுதலாக முதுகு விறைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்ந்திருந்தால் கூடுமாயின், அது முள்ளந்தண்டின் மூட்டழற்சியாகவும் இருக்கலாம். அத்தகையவர் மெத்தையை மாற்றி மாற்றிக் காலத்தைப் போக்காமல் வைத்தியரைக் காணுதல் வேண்டும்.

இறுதியாக, இச்சங்கத்து இளைஞர்கள் செய்யக்கூடிய தொண்டொன்றைக் கூறி அமைவோம். நம் வீடுகளிலே புதிய மெத்தை வந்தால் அது பெரும்பாலும் இளையவர்களின் அறைக்கே போகிறது. அவர்கள் கழித்த பள்ளம் விழுந்த மெத்தை ஆச்சியின் கட்டிலுக்குச் செல்கிறது. ஆச்சியும், "எனக்கு இது போதும் மேனே" என்கிறார். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். நோவைச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பாரமாவதற்குக் கூசுகிற தலைமுறை அது. இன்று இரவே அவர்களுடைய கட்டிலில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்லாததை அந்தப் பள்ளம் சொல்லும்.

படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர் இருக்கும் வீட்டிலே தேவை இன்னும் பெரிது. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பிலும் குதிக்காலிலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். இரண்டு மணிக்கொருமுறை அவரைத் திருப்பிவிட வேண்டும். காற்றடைத்த மெத்தை உதவுமாயினும், திருப்பிவிடும் கைகளின் வேலையை அது முற்றாகச் செய்துவிடாது. பெற்ற பிள்ளைகள் வெளிநாடுகளிலே இருக்க, முதியவர் இருவர் மட்டும் தனித்திருக்கும் வீடுகள் நம் ஊரிலே பல. அங்கே முறைவைத்துச் சென்று உதவ நான்கு இளைஞர்கள் முன்வந்தால் அதுவே பெருந்தொண்டாகும்.

நெடுநல்வாடை என்னும் சங்க நூலிலே, யானைத் தந்தத்தாற் கால்கள் கடைந்த கட்டிலில், அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கையிலே, பாண்டிமாதேவி கண்ணீரோடு கிடப்பதை நக்கீரர் காட்டுகிறார். அரசன் பாசறையிலே இருக்கிறான். அத்துணை மென்மையான படுக்கையும் அவள் துயரை ஆற்றவில்லை. நம் பெரியோருக்கும் நல்ல மெத்தையை வாங்கிக் கொடுப்போம். கொடுத்த மறுநாட் காலையிலே அருகே சென்று, "இராத்திரி நித்திரை வந்ததா?" என்றும் கேட்போம்.