இறந்த ஆக்களும் இறந்துபட்ட சட்டமும்

(சொற்பொழிவு)



இடருற்ற உழவனுக்கு அரசு பொருள் தருவது அருளா, கடனா? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க ஒன்றிய நாட்டில் நேர்ந்த நிகழ்ச்சியொன்றே போதும்.

அந்நாட்டின் தென் தக்கோட்டா மாநிலத்து மேலைப்பகுதி பெரும்புல்வெளி. நம் முன்னோர் முல்லை என வகுத்தனரே, ஏறத்தாழ அத்தன்மைத்து. அங்கு வாழ்வோர் பலர்க்கும் ஆநிரையே செல்வம்.

2013 அக்தோபர்த் திங்கள் தொடக்கத்தில் அங்கே பெரும் பனிப்புயல் வீசியது. முதலிற் கடுமழை, அடுத்துச் சூறைக்காற்றோடு பனி. கருங்குன்றப் பகுதியிற் சில இடங்களில் நான்கடிக்கும் மேலாகப் பனி குவிந்தது. குளிர்காலம் பிறவாமையின் மாடுகளுக்குக் குளிர்மயிர் அடர்ந்திருக்கவில்லை. கோடை மேய்ச்சல் நிலத்தினின்று பல இன்னும் திரும்பவுமில்லை. நனைந்து நடுங்கிய மாடுகள் காற்றடித்த திசையிலேயே நடந்தன. வேலி பனிக்குள் மறைந்தமையின் அதன் மேலேறிக் கடந்தன. பள்ளங்களில் வீழ்ந்தும், ஓடைகளில் அமிழ்ந்தும், குளிரில் விறைத்தும் மாண்டவை பல்லாயிரம். இரண்டு மூன்று நாளில் நிரையிற் பாதியை இழந்த குடும்பங்களும் உண்டு.

அரசு என் செய்தது? 2008-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் ஒன்றிருந்தது. அதன் காலம் 2011 செபுதம்பர் 30-ஆம் நாளோடு முடிந்துபோயிற்று. ஈராண்டாகியும் நாடாளுமன்றத்தார் அதனைப் புதுப்பித்தாரல்லர். போதாக்குறைக்கு, வரவுசெலவுப் பூசலால் அக்தோபர் 1 முதல் 16 வரை உழவர்க்கான நடுவண் அரசு அலுவலகங்களும் மூடிக்கிடந்தன. செத்த மாட்டைக் கணக்குச் சொல்லப் போனவன் பூட்டிய கதவையன்றோ காண்பான்!

என்றேனும் சட்டம் வரலாம் என்றெண்ணி, பிணங்களை ஒளிப்படம் எடுத்தனர். காதுவில்லை எண்களைக் குறித்தனர். அயலாரைச் சான்றுக்கு அழைத்தனர். தம் கண்முன் பிறந்து வளர்ந்த கன்றின் பிணத்தருகே நின்று எண் குறிப்பது எத்துணைக் கொடுமை!

அரசுக்கு முந்தியவர் தொழில்தோழரே. பிற மாநிலத்து ஆப்பண்ணையார் தம் இளங்கிடாரிகளை வண்டியேற்றி அனுப்பினர்.

2014 பிப்பிரவரி 7-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா புதிய வேளாண் சட்டத்தில் ஒப்பமிட்டார். 2011 அக்தோபர் முதல் நேர்ந்த இழப்புகளையும் அது தழுவிற்று, திட்டமும் நிலையானதாயிற்று. விண்ணப்பம் பெறத் தொடங்கியது ஏப்பிரல் 15-இல். புயலுக்கும் அதற்கும் இடையே ஆறு திங்கள்! அவ்விடைக்காலத்திற் கடன்தவணை காத்திருக்குமா?

அச்சட்டம் இத்தொகையை ‘இழப்பீடு’ என்றே பெயரிட்டுளது, ஈகை என்றன்று. ஈவோன் விரும்பியபோது ஈவது ஈகை. முன்னரே வரையறுத்த அளவில் தந்தேயாக வேண்டியது ஈடு. ஈடென்று பெயரிட்டுவிட்டு, இடர் நேர்ந்த நாளிற் சட்டமே இல்லாதிருந்ததுதான் அங்கு நேர்ந்த பிழை.

தனியார் இழப்புக்குப் பொதுப்பணம் எதற்கு என வினவுவாரும் உளர். தகாத வினாவன்று. ஆயின் ஈடு சந்தை மதிப்பில் 75 விழுக்காடே. எஞ்சிய காற்பங்கு உரியவன் தலையில். இவ்வகை உதவிகளனைத்தும் சேர்ந்து ஆளொருவர்க்கு ஆண்டுக்கு 1,25,000 தாலர் என உச்சவரம்பும் இருந்தது. கால்நடை இழப்பீட்டுக்கு அவ்வரம்பு 2018-இல் நீக்கப்பட்டது.

காளை, ஆ, கன்று என வகைக்கும் எடைக்கும் ஏற்ற விலை அரசுப் பட்டியலில் உண்டு. பாட்டன் காலந்தொட்டுப் பொறுக்கி வளர்த்த இனவழிக்கு அதில் ஒரு வரியும் இல்லை.