போனில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு கல்விச் சுற்றுலா

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போக என்று உங்களுக்கு ஆயிரம் வேலை. அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். அப்போதுதான் நம்முடைய லயங்களுக்குள் போன் வகுப்பு வந்தது. சிக்னல் தேடி பிள்ளைகள் மலைக்கு மேலே ஏறி, மழையில் சாக்கைப் போர்த்திக் கொண்டு படித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா போய்விட்டது, போன் வகுப்பு நின்று விட்டது. சாதாரண தரத்தில் கணக்கில் தவறிய பிள்ளைகள், வீட்டுக் கஷ்டத்தால் இடையில் நின்ற பிள்ளைகள், இன்றைக்கும் அந்தப் போனை வைத்துத்தான் வீட்டில் படிக்கிறார்கள். நம் தோட்டத்தில் அப்படிப் பதினைந்து பேர் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக இருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாடசாலை வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக் கொள்ளலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது சட்டம். அந்த வயதைத் தாண்டியும் புத்தகத்தை விடாத பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பாடசாலைப் பிள்ளைக்கு வருடத்தில் ஒரு சுற்றுலாவாவது இருக்கும். ஆசிரியர் இடத்தைத் தெரிவு செய்வார், பஸ் பேசுவார், கடிதம் எழுதுவார். நம் பதினைந்து பேருக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம்.

"சுற்றுலா எல்லாம் வேணுமா ஐயா, சோதனை பாஸ் பண்ணினா போதாதா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் நம் தோட்டத்திலேயே கிடைத்தது. போன வருடம் பெரிய துரையிடம் அனுமதி கேட்டு, இந்தப் பிள்ளைகளை நமது பக்டரிக்குள் கூட்டிப் போனோம். தாய் பல வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். மகள் அதுவரை பக்டரி வாசலைத் தாண்டியதில்லை. கொழுந்து வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, காய வைப்பது, சலிப்பது எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார்கள். புளிக்க வைப்பது என்று நாம் வாயில் சொன்னாலும், அங்கே நடப்பது கொழுந்துச் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறம் மாறுவது என்று பக்டரி ஐயா விளக்கினார். "சார், இதுதான் ஒட்சியேற்றமா?" என்று ஒரு பையன் கேட்டான். போனில் பலமுறை கேட்ட பாடம் அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. அடுத்த மாதமே நுவரெலியாவுக்கும் ஹக்கலைப் பூந்தோட்டத்துக்கும் போவோம் என்று சொல்லி, இரண்டு வாரத்தில் முழுக்காசையும் கேட்டோம். புறப்படுகிற காலையில் நாலு பிள்ளைகள் வரவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் அந்தப் பிள்ளையை விறகுக் கட்டோடு பாதையில் கண்டோம். தாயைக் கேட்டபோது, "காய்ச்சல் புள்ளைக்கு இல்லங்க ஐயா, எங்க கைக்குத்தான்" என்றார். அந்தச் சொல் இன்னும் எங்கள் நெஞ்சில் இருக்கிறது. வசதியுள்ளவன் ஏறிப் போக, இல்லாதவன் லயத்து வாசலில் நின்று பார்க்கிற சுற்றுலா இனி வேண்டாம். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

இந்த முறை போக நினைக்கும் இடம் கண்டி. பேராதனைப் பூங்காவும் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையும் பார்க்கலாம். ஏன் இந்த இரண்டும்? பேராதனைப் பூங்கா 1821இல் ஆரம்பிக்கப்பட்டது. 1824இல் சீனாவிலிருந்து தேயிலைச் செடியைக் கொண்டு வந்து அங்கேதான் வைத்தார்கள். பிறகு 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் காலத்துச் சாமான்களும் பழைய மெசின்களும் ஹந்தானை நூதனசாலையில் இருக்கின்றன. அந்தக் கட்டிடமே 1925இல் கட்டிய ஒரு பழைய தேயிலைப் பக்டரிதான். விஞ்ஞானமும் வரலாறும் ஒரே நாளில் படிக்கலாம். நம் பாட்டன் பூட்டன் வேர்வை சிந்திய தொழிலின் கதையையும் பிள்ளை தெரிந்து கொள்ளும்.

இனிக் காசுக் கணக்கு. விளங்குவதற்காக ஒரு உதாரணம் சொல்கிறோம். பிள்ளைகள் பதினைந்து, பெரியவர்கள் ஐந்து. சின்ன பஸ்ஸுக்கு 36,000 ரூபாய், சாப்பாட்டுக்கு 12,000, நுழைவுச் சீட்டுக்கு 6,000, அவசரத்துக்குக் கையில் 6,000. எல்லாம் 60,000. பிள்ளைக்கு 4,000 ரூபாய். இதை ஒரே தடவையில் கேட்டால் போன வருடக் கதைதான். எட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500. சம்பளத்துக்கு மறுநாள், சீட்டுக்காசு கட்டுகிற மாதிரி இதையும் கட்டலாம்.

அதுவும் முடியாத வீடு இருக்கும். அதற்கு ஒரு வழி. கோயில் திருவிழாவில் வடையும் தேத்தண்ணியும் விற்போம். வீட்டுத் தோட்டத்து மரக்கறியைச் சேர்த்துச் சந்தைக்கு அனுப்புவோம். அந்த வருமானம் இன்னார் பிள்ளைக்கு என்று இல்லாமல் பொதுவில் விழும். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது பொருளாளருக்கு மட்டும்தான் தெரியும். பொதுவில் ஒட்டும் தாளில் மொத்த வரவும் செலவும் மட்டுமே இருக்கும். எந்தப் பிள்ளையும் "நான் தர்மத்துல வந்தவ" என்று தலை குனியக் கூடாது.

காசை ஒருவர் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். இரண்டு தாய்மார், ஒரு தகப்பன் பெயரில் கணக்குப் புத்தகம் திறப்போம். ஒருவராகப் போய்க் காசு எடுக்க முடியாதபடி செய்வோம். மாதா மாதம் கணக்கை இந்தக் காம்பராச் சுவரில் ஒட்டுவோம். பஸ்காரருக்கு முற்பணம் கொடுத்தால் துண்டு வாங்க வேண்டும். மிச்சக் காசைப் பயணம் முடிந்து திரும்பிய பிறகுதான் கொடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடையும் இல்லை, அதிபரின் கடிதமும் இல்லை. அதனால் டிக்கட் கொடுக்குமிடத்தில் மாணவர் கட்டணம் தர மறுக்கலாம். முன்கூட்டியே பெயர்ப் பட்டியலோடு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்ப்போம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கடைசி நேரத்தில் முழிக்கக் கூடாது. கணக்கில் முழுக் கட்டணத்தையே போடுவோம். எந்த நாளில் மூடியிருக்கும் என்பதையும் போன் எடுத்துக் கேட்டு விடுவோம்.

பயணம் ஞாயிற்றுக்கிழமையில்தான். கூட வருகிற தாய்க்குப் பேர் போகக் கூடாது. மழைக் காலத்தைத் தவிர்ப்போம். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதைகள் சரிந்ததை நம் கண்ணால் பார்த்தோம். பெப்ரவரி, மார்ச் நல்ல மாதம்.

"பொம்பளப் புள்ளையை எப்படி அனுப்புறது?" என்று யோசிக்கிற தகப்பன்மாருக்கு ஒரு சொல். வருகிற ஐந்து பெரியவர்களில் மூன்று பேர் தாய்மார்தான். விடிய வெளிக்கிட்டு, அன்று இரவே பிள்ளையை உங்கள் லயத்து வாசலில் விடுவது எங்கள் பொறுப்பு. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்காத நாம், படிப்புக்காக ஒரு நாள் கண்டிக்கு அனுப்பத் தயங்கலாமா? கோபிக்காமல் யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொருவரும் பத்துக் கேள்வி எழுதிக் கொண்டு வர வேண்டும். திரும்பி வந்து, பார்த்ததை இந்த இடத்திலேயே தாய் தகப்பனுக்குச் சொல்ல வேண்டும். காசு கட்டினது அவர்கள். அவர்களும் கொஞ்சம் பயணம் போன மாதிரி இருக்கட்டும்.

வருகிற சம்பளத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் முதல் 500 ரூபாயைச் சேர்க்கத் தொடங்குவோம். முடியாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், வராமல் மட்டும் இருந்து விடாதீர்கள். பதினைந்து பிள்ளைகளும் ஏறினால்தான் பஸ் புறப்படும்.