பல் பதிக்குமுன் வினவுக

தாடையெலும்பு டைட்டானியத்தோடு ஒன்றிப் பிணையும் என்னும் உண்மையைப் பயன்கொண்டு, சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965இல் முதன்முதலாக ஒருவர்க்குப் பல் பதித்தார். இன்று காளவாசலிலும் அச்சிகிச்சை கிட்டுகிறது.

பிணைப்புக்குப் பெரும்பாலும் சில மாதங்கள் வேண்டும்; அவசரம் ஆகாது. சர்க்கரை கட்டுக்குள் இருத்தல், புகையிலை விடுதல், ஈறுநோய் தீர்த்தல் இன்றியமையாதன. எலும்புத் தேய்வுக்குக் கொள்ளும் மருந்துகளை மறைத்தலாகாது.

எலும்பு குறைந்தோர்க்கு எலும்புத்துகள் இடுவர். அது மாடு, பன்றி ஆகியவற்றினின்றும் பெறப்படுவதுண்டு. கொல்லாமை போற்றுவோர் இதனை முன்னரே வினவுதல் கடமை. வினவினால், தம் எலும்போ செயற்கைத் துகளோ பொருந்துமா என மருத்துவர் ஆராய்வர்.

பதித்த பல்லுக்குச் சொத்தை இல்லை. ஆயினும் அதைத் தாங்கும் ஈறும் எலும்பும் நோயுறும். ஆதலின் நாளும் துலக்குக. கேட்டறிந்த பின்னரே ஒப்பமிடுக.